புள்ளி தொலைந்த ஜிஃப்

இன்னைக்கு எபிசோட் ஒரு புள்ளியைப் பற்றியது. 'க' மேல வெச்சா 'க்' ஆகுமே, அந்தப் புள்ளி. நான் எழுதின ஒரு பைத்தான் நிரல் அதைத் தின்னுடுச்சு. எப்படித் தின்னது, எப்படித் திரும்ப வாங்கினேன் என்பதுதான் கதை. நடுவில் கொஞ்சம் நிரல் பேச்சு வரும். லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் கேக்கணும்னு இல்லை, பஸ்ஸில் தொங்கிக்கிட்டே கேட்டாலும் புரியும்.

என் அக்கா சாயங்காலம் மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள். எல்லாம் நல்லா தமிழ் பேசுற பிள்ளைங்கதான். எழுதச் சொன்னா மட்டும் எழுத்தை ஒரு படமா நினைச்சு வரையுதுங்க. 'அ'-வை வால் பக்கம் இருந்து ஆரம்பிக்கிற பையன் ஒருத்தன் இருக்கான். முடிவில் அது 'அ' மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு வரி எழுதறதுக்குள்ள கை வலிச்சுடும்.

அதனால அக்கா டேப்லெட்டில் ஒவ்வொரு எழுத்தையும் எழுதிக் காட்டி, அசையும் படமா எடுத்தாள். பேனாவுக்கு முன்னாடி ஒரு சிவப்பு அம்பு போகும். கை எடுக்கிற இடத்தில் படம் ஒரு நொடி நிக்கும். எழுத்து முடிஞ்சதும் ரெண்டு நொடி அப்படியே இருக்கும், அப்புறம் மறுபடி முதலில் இருந்து ஓடும். பின்னணி பழைய காகிதம் மாதிரி, லேசான பழுப்பு, லேசான சொரசொரப்பு. அழகா இருந்தது. ஒரு படம் 11 எம்பி.

முதல் பக்கத்தில் 18 மெய்யெழுத்தையும் வரிசையா வெச்சாள். கணக்குப் போட்டுக்குங்க, கிட்டத்தட்ட 200 எம்பி. பிள்ளைகள் கையில் இருப்பது அப்பா தூக்கிப்போட்ட பழைய போன். 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்ற எச்சரிக்கையோடதான் அது காலையில் கண்ணே முழிக்கும். பக்கம் பாதியில் நின்னுடுச்சு. "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, சின்னது பண்ணிக் குடுடா"ன்னு அக்கா சொன்னாள். நானும் பத்து நிமிஷ வேலைன்னு சொன்னேன்.

பத்து நிமிஷம். சரி.

பைத்தானில் படங்களோட மல்லுக்கட்ட எல்லாரும் எடுப்பது பில்லோ என்ற நூலகம். பழைய பிஐஎல் நின்னுபோன பிறகு அதிலிருந்து கிளைச்சு வந்தது. ஒரு சாதாரணப் படத்தைச் சின்னதாக்கணும்னா மூணு வரி போதும்: திற, ரீசைஸ் பண்ணு, சேவ் பண்ணு. ஜிஃப்பையும் அதே மூணு வரியில் போட்டா முதல் ஃபிரேம் மட்டும் சின்னதாகி வரும், படம் அசையாது. இது எனக்குத் தெரிஞ்சிருந்தது. அதனால இமேஜ்சீக்வென்ஸ் என்ற பகுதியை வெச்சு 64 ஃபிரேமையும் ஒரு லிஸ்டில் போட்டு, ஒவ்வொண்ணையும் சின்னதாக்கி, 'சேவ் ஆல்' கொடுத்துச் சேமிச்சேன்.

வந்த ஃபைல் 20 கேபிகூட இல்லை! 11 எம்பி இவ்வளவுக்கு இறங்கிடுச்சேன்னு எனக்கே என் மேல மரியாதை வந்துடுச்சு. திறந்து பார்த்தா முழுசா எழுதி முடிச்ச எழுத்து ஒண்ணு சும்மா நிக்குது.

என்ன ஆச்சுன்னா, பில்லோ 64 தனித்தனிப் படங்களைத் தரலை. ஒரே படத்தை வெச்சுக்கிட்டு அதுக்குள்ள ஃபிரேமை நகர்த்திக்கிட்டே போகுது. ரயில் ஜன்னல் மாதிரி. ஜன்னல் ஒண்ணுதான், வெளியே காட்சி மாறுது. நான் 64 தடவை ஜன்னலைக் குறிச்சு வெச்சிருக்கேன், காட்சியைக் குறிக்கலை. ரயில் நின்ன பிறகு எட்டிப் பார்த்தா எல்லாத்திலயும் கடைசி ஸ்டேஷன். அடுத்தடுத்து ஒரே மாதிரி ஃபிரேம் வந்தா பில்லோ ஒண்ணாச் சேர்த்துடும், ஆக 64-ம் ஒண்ணாகிடுச்சு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 'காப்பி' போட்டா தீர்ந்தது.

இப்போ படம் அசையுது. 1000 பிக்சல் அகலத்தை 200 ஆக்கியிருந்தேன். ஃபைல் சின்னது, பக்கம் பறக்குது. பெருமையா அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அக்கா போன்.

"டேய், புள்ளி எங்கடா?"

"எந்தப் புள்ளிக்கா?"

"நான் 'க்' அனுப்பினேன். நீ 'க' அனுப்பியிருக்க."

பார்த்தேன். 18-ல் ஏழெட்டு எழுத்துக்குப் புள்ளியே இல்லை. மெய்யெழுத்துக்கெல்லாம் உயிர் வந்துடுச்சு. மிச்சத்தில் புள்ளி ஒரே ஒரு பிக்சலா, கண்ணாடியில் ஒட்டின தூசி மாதிரி இருந்தது. கோடுகளும் அங்கங்கே அறுந்து கிடந்தன. கொடுமை என்னன்னா, தமிழில் அந்தப் புள்ளி போனா எழுத்தே வேற. அலங்காரம் போச்சுன்னு விட முடியாது. மங்கலா இருந்திருந்தாகூடப் பரவாயில்லை, "சரியாத் தெரியலை"ன்னு பிள்ளை கேட்டிருக்கும். இது தெளிவா, அழகா, தப்பா இருக்கு.

இத்தனைக்கும் நான் ரீசைஸ் பண்ணும்போது லான்சோஸ்னு கேட்டிருந்தேன். சின்னதாக்கறதில் அது நல்ல முறை. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களை எடை போட்டுக் கலந்து ஒரு பிக்சல் செய்யும். ஆனால் பில்லோ நான் சொன்னதைக் கேக்கலை, சத்தமில்லாம வேற முறைக்குப் போயிடுச்சு. தப்பு என்னுதுதான். ஆவணத்தில் தெளிவா எழுதியிருக்கு, படிக்காம விட்டது நான்.

காரணம் ஜிஃப்போட வயசு. கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட்டோட குழு 1987-ல் உருவாக்கினது இது. (அவர் 'ஜிஃப்'னுதான் சொன்னார், அதனால நானும் அப்படித்தான் சொல்றேன். 'கிஃப்' கட்சிக்காரங்க மெயில் போடவேண்டாம்.) ஒரு படத்துக்கு அதிகபட்சம் 256 நிறம். அந்த நிறங்களை ஒரு அட்டவணையில் எழுதி வெச்சுடுவாங்க, அதுக்குப் பேலட்னு பேர். பிக்சலில் இருப்பது நிறம் இல்லை, அட்டவணையில் அந்த நிறத்தோட வரிசை எண் மட்டும்.

இந்த எண்களைக் கலக்க முடியாது. 12-ஆம் நம்பர் பஸ் ஒரு ஊருக்குப் போகுது, 18-ஆம் நம்பர் வேறொரு ஊருக்குப் போகுது. ரெண்டுக்கும் சராசரி எடுத்து 15-ல் ஏறினா நடுவில் இருக்கிற ஊருக்கா போய்ச் சேரும்? அதேதான். அதனால பேலட் படம் வந்தா பில்லோ கலக்கறதை விட்டுட்டு, கிட்டத்தில் இருக்கிற ஒரு பிக்சலை அப்படியே எடுத்துக்கும். ஆயிரத்தை இருநூறாக்கினா அஞ்சுக்கு ஒரு பிக்சல்தான் பிழைக்கும். அக்காவோட புள்ளி நாலு பிக்சல் அகலம். ரெண்டு எடுப்புக்கு நடுவில் விழுந்தா ஆளே காணோம்.

இன்னொண்ணு. என் லேப்டாப்பில் இருந்தது பழைய பில்லோ. 9.0 பதிப்பில் இருந்து, முதல் ஃபிரேம் தவிர மத்ததெல்லாம் தானாவே ஆர்ஜிபி ஆகி வரும், அதாவது நிஜ நிறத்தோட. அதனால இன்னைக்கு இதைச் செஞ்சு பார்க்கிறவங்களுக்கு முதல் ஃபிரேம் மட்டும் பல் உடைஞ்ச மாதிரி வரும், மிச்சம் வழவழன்னு இருக்கும். படம் ஒவ்வொரு சுற்று ஆரம்பிக்கும்போதும் ஒரு உதறல் தெரிஞ்சா, காரணம் இதுவா இருக்கலாம். தீர்வு எல்லாப் பதிப்புக்கும் ஒண்ணுதான்: ஒவ்வொரு ஃபிரேமையும் முதலில் ஆர்ஜிபிக்கு மாத்து, அப்புறம் ரீசைஸ் பண்ணு. இந்த வரிசை முக்கியம்.

மாத்தினேன். புள்ளி வந்தது, ஆனால் சாம்பல் நிறத்தில், இருக்கா இல்லையான்னு கேக்கிற மாதிரி. அது நியாயம்தான். 200-ல் அந்தப் புள்ளிக்கு ஒரு முழுப் பிக்சல்கூடக் கிடைக்காது. எந்த நூலகமும் இல்லாத இடத்தை உண்டாக்காது. பேராசையை விட்டுட்டு 400-க்குப் போனேன். எந்த அளவு போதும்னு பார்க்க அக்காவே ஒரு பரிசோதனை சொன்னாள்: "ஆய்த எழுத்தை வெச்சுப் பாருடா." ஃ. மூணு புள்ளியும் தனித்தனியா தெரிஞ்சா அந்த அளவு பாஸ். ஒட்டிக்கிட்டா ஃபெயில். எனக்குத் தெரிஞ்ச எந்தத் தர அளவுகோலைவிடவும் இது நல்லா வேலை செஞ்சது.

இப்போ படம் சரி. ஃபைலைப் பார்த்தா 4 எம்பி.

இதுதான் எனக்கு ரொம்ப நேரம் புரியாத இடம். 1000-ஐ 400 ஆக்கினா மொத்தப் பிக்சல் ஆறில் ஒரு பங்காகுது. ஃபைல் மட்டும் மூணில் ஒரு பங்குக்குத்தான் இறங்கியிருக்கு. மிச்சம் எங்கே போச்சு?

ஜிஃப் சுருக்கற விதம் எல்இசட்டபிள்யூ. லெம்பெல், ஸிவ், வெல்ச் மூணு பேரோட பேர். மளிகைக்கடை நோட்டில் ஒரு வரி எழுதிட்டுக் கீழே 'மேற்படி, மேற்படி'ன்னு போட்டுக்கிட்டே போவாங்களே, கிட்டத்தட்ட அதுதான். வந்த வரிசையே மறுபடி வந்தா, முழுசா எழுதாம ஒரு சின்னக் குறியீடு போதும். ஆக, படம் எவ்வளவு மேற்படி போட விடுதோ அவ்வளவு சின்னதாகும். லான்சோஸ் கலந்தப்போ கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில் புதுசா எத்தனையோ நிறம் பொறந்துடுச்சு. கண்ணுக்கு வழவழப்பு, எல்இசட்டபிள்யூவுக்குத் தலைவலி.

அதைவிடப் பெரிய திருட்டு ஒண்ணு நடந்துக்கிட்டிருந்தது. அசையும் ஜிஃப்பில் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசா எழுத வேண்டியதில்லை. முந்தினதில் இருந்து எந்தப் பகுதி மாறியிருக்கோ அந்தச் செவ்வகத்தை மட்டும் எழுதினால் போதும், பில்லோ அதைத் தானாவே பார்த்துக்கும். எங்க படத்தில் மாறுவது பேனா முனையும் அம்பும் மட்டும்தானே? ஆனால் ஆர்ஜிபி ஃபிரேமைக் கொடுத்தா, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பில்லோ புதுசா 256 நிறம் பொறுக்குது. கறுப்புக் கோடு நீள நீள, பொறுக்கற நிறமும் துளித்துளியா மாறுது. காகிதத்தோட பழுப்பு ஒரு ஃபிரேமில் ஒரு மாதிரி, அடுத்ததில் ஒரு இழை வேற மாதிரி. நமக்கு லேசா சிமிட்டுற மாதிரி தெரியும். நிரலுக்கோ முழுப் பக்கமும் மாறிடுச்சு. 64 தடவை காகிதத்தையே திரும்பத் திரும்ப எழுதிக்கிட்டிருக்கு.

அப்போ எல்லா ஃபிரேமுக்கும் ஒரே பேலட் வேணும். கடைசி ஃபிரேமில் எழுத்து முழுசா இருக்கே, அதிலிருந்து 32 நிறம் எடுத்து மத்த எல்லாத்துக்கும் அதையே கொடுத்தேன். குவான்டைஸ் என்ற கட்டளை, அதுக்குள்ள பேலட்டுக்கு அந்தப் படம். ஓட விட்டா சிவப்பு அம்பு செங்கல் பொடி மாதிரி பழுப்பாகிடுச்சு. கடைசி ஃபிரேமில் எழுத்து முடிஞ்சுடும், அம்பு இருக்காது. அம்பு இல்லாத இடத்தில் சிவப்பு எங்கே இருந்து வரும்? ஏழெட்டு ஃபிரேமை ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா ஒட்டி ஒரு நீளத் தாள் செஞ்சு, அதிலிருந்து பேலட் எடுத்தேன். சிவப்பு வந்தது.

ஃபைல் ரெண்டு எம்பிக்கு மேல. இன்னும் எங்கேயோ ஓட்டை. பெரிதாக்கிப் பார்த்தா, எழுத்துக்குக் கீழே இருக்கிற வெறும் காகிதத்தில் எறும்பு ஊர்ற மாதிரி புள்ளிகள் ஓடுது. குவான்டைஸுக்கு நாம வேண்டாம்னு சொல்லாதவரை டிதரிங் பண்ணும். ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976-ல் வெளியிட்ட முறை. கேட்ட நிறம் பேலட்டில் இல்லைன்னா கிட்டத்து நிறத்தை வெச்சுட்டு, விட்டுப்போன வித்தியாசத்தை வலப்பக்கமும் கீழேயும் இருக்கிற பிக்சல்களுக்குத் தள்ளிவிடும். வானத்துப் படம், முகம், இதுக்கெல்லாம் அருமையான வேலை. எங்களுக்கு என்ன பண்ணுச்சுன்னா, மேலே பேனா ஒரு பிக்சல் நகர்ந்தா அந்த மிச்சம் தள்ளுமுள்ளாகி அடிவரைக்கும் போய், தொடாத காகிதத்தை எல்லாம் கலைச்சுடுது. டிதரை 'நன்' என்று போட்டேன், அதாவது வேண்டாம். ஃபைல் 210 கேபி.

அடுத்தது நேரம். டியூரேஷனுக்கு ஒரே எண்ணாக 100 மில்லிநொடி கொடுத்திருந்தேன். அக்கா பார்த்துப் பார்த்து வெச்ச நிறுத்தமெல்லாம் போச்சு, கை எடுக்கிற இடமே தெரியலை. ஒவ்வொரு ஃபிரேமும் தன்னோட டியூரேஷனைத் தன் தகவலில் வெச்சிருக்கும். அதை ஒரு லிஸ்டா சேர்த்துக் கொடுக்கணும். நடுவில் வேகமா ஓடட்டும்னு 10 மில்லிநொடி வெச்சுப் பார்த்தேன், படம் ஆமையாகிடுச்சு. அவ்வளவு குறைச்சலா இருந்தா பிரவுசர்கள் அதை நம்பாம 100-ஆ எடுத்துக்கும். 20-க்குக் கீழே போகாதீங்க. லூப்புக்குப் பூஜ்யம் கொடுக்கணும், பூஜ்யம்னா முடிவில்லாமல். கொடுக்க மறந்தா ஒரு தடவை ஓடி நின்னுடும். லூப் போட்ட ஜிஃப்பைத் திறந்து பைட் பைட்டாகப் பார்த்தீங்கன்னா உள்ளே 'நெட்ஸ்கேப் 2.0'ன்னு எழுதியிருக்கும். அந்த பிரவுசர் கொண்டுவந்த வழக்கம். பிரவுசர் செத்துப்போச்சு, பேர் மட்டும் ஒவ்வொரு மீமுக்குள்ளயும் சுத்திக்கிட்டிருக்கு.

இங்கேயே நின்னிருக்கலாம். எனக்குத்தான் நிக்கத் தெரியாதே. 210-ஐ 100 ஆக்கணும்னு ஒரு வெறி. ஒண்ணு விட்டு ஒரு ஃபிரேமைத் தூக்கிட்டு, மிச்சத்தோட நேரத்தை ரெட்டிப்பாக்கினேன். ஃபைல் இறங்குச்சு. 'ப', 'ட' எல்லாம் நல்லாவே இருந்தது. அப்புறம் 'ண்' பார்த்தேன்.

மூணு சுழி ண, ரெண்டு சுழி ன. நாம எல்லாரும் சின்ன வயசில் விரலை விட்டு எண்ணினதுதானே? பேனா சுழிக்குள்ள போய் வெளியே வர்றது நாலஞ்சு ஃபிரேமில் முடிஞ்சுடும். அதில் பாதியைத் தூக்கினா சுழி சுழிக்காம தாவுது. முடிஞ்ச எழுத்தில் மூணு சுழியும் இருக்கு, ஆனால் பேனா மூணு தடவை சுத்தினதை யாரும் பார்க்கலை. எழுதற விதத்தைக் காட்டத்தான் இந்தப் படமே. எழுதி முடிச்ச எழுத்து புத்தகத்திலேயே இருக்கே.

அதனால நேர்க்கோடு போற இடத்தில் மட்டும் ஃபிரேம் குறைச்சேன், வளைவில் கை வைக்கலை. எந்த இடம் வளைவுன்னு கண்டுபிடிக்க ஒரு நிரல் எழுதலாமான்னு ஒரு மணி நேரம் யோசிச்சேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "இது, இது, இது வேண்டாம்"னு பத்து நிமிஷத்தில் 18 எழுத்துக்கும் சொல்லி முடிச்சாள். ஃபைல் 160 கேபி. 18-ம் சேர்ந்து 3 எம்பிக்குக் கீழே.

இன்னும் குறைக்கணும்னா ஜிஃப்சிக்கிள்னு ஒரு கருவி இருக்கு, எடி கோலர் எழுதினது. அதில் 'லாஸி' என்ற தேர்வு, அச்சு அசலா ஒத்துப்போகலைன்னாலும் கிட்டத்தட்ட ஒத்துப்போனா மேற்படி போட்டுடும். புகைப்படம் மாதிரியான ஜிஃப்புக்கு நிறைய இறங்கும். எங்க எழுத்தில் எண்ணை ஏத்தினதும் புள்ளி பக்கவாட்டில் இழுபட ஆரம்பிச்சது. புள்ளி விஷயத்தில் ஏற்கெனவே ஒரு தடவை திட்டு வாங்கியாச்சு, விட்டுட்டேன்.

இவ்வளவும் எதுக்கு, வீடியோவாகவே கொடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் ஜிஃப்னு ஓடறது உள்ளே எம்பி4 வீடியோதான். ட்விட்டரும் 2014-லேயே ஜிஃப்பை வீடியோவா மாத்த ஆரம்பிச்சுடுச்சு. சினிமாத் துண்டு, முக பாவனை இதெல்லாம்னா ஜிஃப்போட மல்லுக்கட்டவே கூடாது, நேரா வீடியோ. எங்களுக்கு 18 எழுத்தும் ஒரே பக்கத்தில் பிளே பட்டன் இல்லாம, எந்தப் பழைய போனிலயும் தானா ஓடணும். அதுக்கு ஜிஃப் இன்னமும் நல்லாத்தான் இருக்கு.

ஆனால் பிள்ளைகள் வேற கேட்டாங்க. ஸ்டிக்கர் வேணுமாம். வாட்ஸ்அப் அசையும் ஸ்டிக்கர்னா வெப்பி வடிவம், 512-க்கு 512, 500 கேபிக்குள்ள, மொத்தம் 10 நொடி தாண்டக்கூடாது. பில்லோவே வெப்பியும் சேமிக்கும், அதே 'சேவ் ஆல்'தான். 256 நிறக் கட்டுப்பாடு இல்லை, பேலட் ரோதனையும் இல்லை. லூப் சொல்லாம விட்டாலே முடிவில்லாம ஓடும், ஜிஃப்புக்கு நேர் எதிர். காகிதத்தை எடுத்துட்டுப் பின்னணி இல்லாம செஞ்சு கொடுத்தேன். மெய்யெழுத்தும் ஆய்தமும் சேர்த்து 19 ஸ்டிக்கர்.

இப்போ அக்காவோட வகுப்பு குரூப்பில் யாரும் சொல்லா எழுதறதில்லை, ஸ்டிக்கராத்தான் போடறாங்க. மெய்யெழுத்து மட்டும் வெச்சுக்கிட்டு என்ன சொல்ல முடியும்னு நினைச்சேன். போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டான்னு ஒரு அம்மா கேட்டாங்க. அக்கா பதில் சொல்றதுக்குள்ள, அந்த 'அ'-வை வாலில் இருந்து எழுதற பையன் ம், ம், ம்னு மூணு தடவை போட்டுட்டான். மூணும் புள்ளியோட வந்துச்சு.

உயிர்மெய் 216 பாக்கி இருக்கு. அக்கா 'கொ' வரைஞ்சு அனுப்பியிருக்காள், அதில் கொம்பை முதலில் எழுதறதா கடைசியிலயான்னு வீட்டில் சண்டை ஓடிக்கிட்டிருக்கு. அது முடிஞ்சதும் சொல்றேன்.